நேற்று அணைத்த எஞ்சின்

மக்கர் பண்ணும் எஞ்சின்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, என்ன செய்தாலும் எழும்பாது. இன்னொன்று, தோள் கழலும் அளவுக்குக் கயிற்றை இழுக்கவைத்துவிட்டு ஒருவழியாக எழும்பும். முதல் வகையை உடனே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டாம் வகையை வருஷக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள். எழும்பிய பிறகு ஒரு குறையும் இல்லாததுபோல அது ஓடும் என்பதுதான் காரணம். சூடேறியபின் அணைத்துப் போட்டால் ஒரே இழுப்பில் மறுபடி எழும்பவும் செய்யும். காலையில் பட்ட பாடு மத்தியானத்துக்குள் மறந்துபோகும். மறுநாள் காலை மறுபடி அதே பாடு.

வேலைபார்த்த காலம் முழுக்க நான் கப்பல் எஞ்சின்களோடுதான் இருந்தேன். ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தவை இந்த இரண்டாம் வகை எஞ்சின்கள்தாம். முதலில் குமரி மாவட்டத்து முட்டத்தில் என் தாய்மாமனின் வள்ளத்தில். பிற்பாடு சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் மேல்மாடிக்காரரின் படகில். இரண்டும் ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்கள். இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ வருஷங்களும் ஒரு கடலும் இருந்தன. ஆனாலும் மாமா சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்தான் இரண்டுக்கும் பொருந்தியது.

முட்டம் கலங்கரை விளக்கத்துக்கும் பாறைகளுக்கும் பேர் போன ஊர். சினிமாக்காரர்களுக்கு அந்தப் பாறைகள்மேல் ஆசை. கடலுக்குப் போகிறவர்களுக்கு முக்கியமானது அலை உடையும் இடம். வள்ளத்தை மணலிலிருந்து தள்ளி, எஞ்சினைச் சாய்த்துத் தூக்கிவைத்தபடியே, துடுப்பு வலித்து அலையைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் எஞ்சினை இறக்கி, கயிற்றை இழுத்து, அடுத்த பெரிய அலை வருவதற்குள் அதை எழுப்பியாக வேண்டும். எழும்பாவிட்டால் வள்ளம் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய வள்ளத்தை ஆனி, ஆடிக் கடல் சும்மா விடாது. ஸ்டார்ட்டிங் டிரபிள் என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அது அந்தக் கரையில் உயிர்ப் பிரச்சினை.

எங்கள் கரைக்கு எஞ்சின் வந்ததே 1980களில்தான். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்திருந்த பியர் ஜில்லே முட்டத்தில் பிளைவுட் வள்ளங்கள் கட்டும் பட்டறை ஒன்றை உருவாக்கினார். கட்டுமரத்தில் பாயும் துடுப்புமாகப் போய்வந்தவர்களில் பலர் மெல்ல மெல்ல வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் மாறினார்கள். வந்த எஞ்சின்களில் யமஹாவும் சுஸுக்கியும் அதிகம். அவற்றில் பல பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுபவை. பெட்ரோல் விலைக்கு முழுநாள் ஓட்டக் கட்டுப்படியாகாது, மண்ணெண்ணெய் அப்போது மலிவு.

பெட்ரோலில் எழுப்பித்தான் தீர வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. திரவம் எரியாது, அதிலிருந்து எழும் ஆவிதான் எரியும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேலே போக வேண்டும். விடியற்காலையில் கடற்கரையில் 25 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் போனால் பிளக்கை நனைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோலில் சில நிமிஷம் ஓடி எஞ்சின் சூடான பிறகு, அதே மண்ணெண்ணெய் உள்ளே போனவுடன் ஆவியாகி ஒழுங்காக எரியும்.

பிற்காலத்தில் உட்லண்ட்ஸில் பழக்கமான ஒரு யாழ்ப்பாணத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அவர்கள் ஊரில் மோட்டார் சைக்கிள்களே மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருக்கும் பெட்ரோலில் சில துளி விட்டு எழுப்பி, பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்களாம். புகையில் முன்னால் போகிறவர் தெரியாது என்றார். இரண்டு கரையிலும் ஆட்கள் தனித்தனியாக ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

மாமாவின் கெட்டிக்காரத்தனம் எழுப்புவதில் இல்லை, அணைப்பதில் இருந்தது. மீன்பிடித்துத் திரும்பும்போது, கரை தெரிய ஆரம்பித்தவுடன் மண்ணெண்ணெய்க் குழாயை மூடிப் பெட்ரோலைத் திறந்துவிடுவார். மீதித் தூரத்தை விலை கூடிய பெட்ரோலில் ஓட்டி வருவார். மற்ற வள்ளக்காரர்கள் கேலி செய்வார்கள். கஞ்சத்தனம் பார்க்கும் மனுஷன் இதில் மட்டும் தாராளமாக இருப்பது ஏன் என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை. கேட்டதற்கு அவர் சொன்னார்:

“லே மக்கா, மண்ணெண்ணெய வாயில வச்சிக்கிட்டு அத ஒறங்க விடாத. காலத்த எழும்பாது, பாத்துக்க.”

கார்ப்பரேட்டரின் கிண்ணத்தில் எது நிற்கிறதோ அதுதான் மறுநாள் முதல் இழுப்பில் சிலிண்டருக்குள் போகும். மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அப்படியே அணைத்தால், ராத்திரி முழுக்க கிண்ணத்தில் மண்ணெண்ணெய்தான் நிற்கும். காலையில் பெட்ரோல் குழாயைத் திறந்து என்ன பயன்? உள்ளே இருப்பது தீரும்வரை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்குள் பிளக் நனைந்துவிடும். அலையோ காத்திருக்காது.

1990களில் நான் சிங்கப்பூருக்கு வந்து செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்டு 1938இல் திறக்கப்பட்ட பெரிய டாக் அங்கேதான் இருந்தது. 1968இல் அந்த இடம் வணிகக் கப்பல்களுக்கான ஷிப்யார்டாக மாறியது. கடற்படைத் தளமாக இருந்த காலத்திலேயே நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வேலைபார்த்திருக்கிறார்கள். பெரிய கப்பல்களின் முதன்மை எஞ்சினும் ரெண்டு ஸ்ட்ரோக்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூன்று மாடி உயரம் இருக்கும். டீசல் எஞ்சின், பிளக் கிடையாது. அதை எழுப்பக் கயிறும் மோட்டாரும் போதாது. 30 பார் வரை அழுத்தி வைத்த காற்றைச் சிலிண்டருக்குள் விட்டுத்தான் பிஸ்டனைத் தள்ளுவார்கள்.

அங்கே ஒரு பழக்கத்தைப் பார்த்தபோதுதான் மாமா ஞாபகம் வந்தார். நடுக்கடலில் கப்பல் ஓடுவது ஹெவி ஃபியூல் எனப்படும் கெட்டியான எண்ணெயில். சாதாரணச் சூட்டில் அது தார் மாதிரிதான் இருக்கும். 100 டிகிரிக்கு மேல் காய்ச்சினால்தான் எஞ்சினுக்குள் பீய்ச்சும் அளவுக்கு இளகும். டாக்கில் ஏறுவதற்கோ நீண்ட நாள் நிற்பதற்கோ வரும் கப்பல், எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே டீசலுக்கு மாறிக்கொள்ளும். குழாய்களிலும் பம்புகளிலும் டீசல் நிறைந்த பிறகே நிறுத்துவார்கள். கெட்டி எண்ணெய் உள்ளே இருக்கும்போது நிறுத்திவிட்டால், ஆறியபின் அது இறுகிப்போகும். அடுத்த தடவை எழுப்புவதற்குப் படாத பாடு பட வேண்டும். எங்கள் வள்ளத்துக்கும் பல்லாயிரம் டன் கப்பலுக்கும் விதி ஒன்றுதான்.

இனி உட்லண்ட்ஸ் கதை. கல்யாணமாகி மார்சிலிங் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியேறியிருந்தோம். வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஜோகூர் நீரிணை. ஒரு பக்கம் ஜோகூருக்குப் போகும் காஸ்வே. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்த 1,056 மீட்டர் பாதை தூண்கள்மேல் நிற்கும் பாலமில்லை, கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய கரை. ஜோகூர்ப் பக்கத்தில் படகுகள் போய்வர ஒரு மதகுக் கால்வாய் இருந்தது. 1942 ஜனவரி கடைசியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை காஸ்வேயைத் தகர்த்தபோது அதுவும் போனது. பிறகு திருப்பிக் கட்டவில்லை. ஆகவே நீரிணை இன்றைக்கும் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகத் துண்டுபட்டே கிடக்கிறது. நீர் ஏறுவதும் இறங்குவதும் அந்தந்தப் பக்கத்து வாய் வழியாகத்தான்.

மேற்குத் துண்டில் லிம் சூ காங் பக்கம் மிதக்கும் மீன் பண்ணைகள் இருக்கின்றன. எங்கள் மேல்மாடியில் இருந்த சீனர் ஒருவருக்கு அவற்றில் ஒன்றில் தம்பியோடு பங்கு. கொடுவாயும் களவாவும் வளர்த்தார்கள். நான் அவரை அங்கிள் என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். பேச்சு பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாக நடக்கும். விற்றது போக மிச்சம் ஒன்றிரண்டு எங்கள் வீட்டுக்கும் வரும். என் மனைவி வைக்கும் தேங்காய் அரைத்த மீன்குழம்பு பதிலுக்கு மேலே போகும்.

ஒருநாள் லிஃப்டில் பார்த்தபோது வலது தோளைத் தடவிக்கொண்டே, “எஞ்சின் மாலாஸ் லா, தம்பி” என்றார். எஞ்சினுக்குச் சோம்பல் வந்துவிட்டதாம். 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், பழைய ஜப்பான் எஞ்சின். காலையில் எழும்ப அழிச்சாட்டியம் செய்கிறது, எழும்பிவிட்டால் தங்கம். கடையில் சொன்னார்கள் என்று புதுப் பிளக் போட்டார். அதன்பின் இக்னிஷன் காயில் மாற்றினார். காசு போனதுதான் மிச்சம். நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: நான் வந்து பார்க்கும்வரை கயிற்றைத் தொடக் கூடாது. எழும்பிய எஞ்சினிடம் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. குறை வெளியே தெரிவது அது குளிர்ந்து கிடக்கும்போது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லிம் சூ காங் ஜெட்டிக்குப் போனோம். எப்போதும் செய்வதை அப்படியே செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்றேன். மேலோட்டமான காரணங்கள்தாம் பல சமயம் ஆளை ஏமாற்றும். அவசர நிறுத்தத்துக்கான சிவப்புச் சுருள் கயிற்றின் கொக்கி சரியாக மாட்டியிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்தே இருந்தது. அதைத் திறக்காவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. ரப்பர் பல்பை அமுக்கினார், இறுகியது. சோக்கை இழுத்தார். கயிற்றையும் இழுக்கப் போனார். சற்றுப் பொறுங்கள் என்று நிறுத்திவைத்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் கழித்து பல்பைத் தொட்டால் தொளதொளவென்று இருந்தது.

முதல் துப்பு அது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பெட்ரோல் குழாயில் ஒரு விசேஷம் உண்டு: அழுத்தும்போது ஒழுகாத வெடிப்பு, எஞ்சின் உறிஞ்சும்போது காற்றை உள்ளே விடும். குழாயை எஞ்சினோடு சேர்க்கும் கனெக்டரைக் கழற்றினால், உள்ளே இருந்த ஓ-ரிங் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. விலை சில காசு. கையோடு கொண்டுபோயிருந்த ரப்பர் வளையங்களில் ஒன்றைப் போட்டேன். பல்ப் இறுகியது, இறுகியபடியே நின்றது. கயிற்றை இழுத்தோம். எழும்பியது, ஆனால் கொஞ்சம் முன்னதாக எழும்பியது, அவ்வளவுதான். ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடக் கூடாது. கஷ்டப்பட்டு எழும்பும் எஞ்சினில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய குறை இருப்பதில்லை. இரண்டு மூன்று சின்னக் குறைகள் கூட்டுச் சேர்ந்திருக்கும்.

அடுத்த வாரம், மறுபடி குளிர்ந்த எஞ்சின். இந்த முறை மூன்று கேள்வி. பெட்ரோல் வருகிறதா, தீப்பொறி வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா? எந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கும் இந்த மூன்றும் போதும். ரெண்டு ஸ்ட்ரோக்கில் மட்டும் மூன்றாவது கேள்வி இரட்டைக் கேள்வி. சிலிண்டருக்கு வால்வும் கேம்ஷாஃப்டும் இதில் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழேயுள்ள கிராங்க் பெட்டிக்குள் பெட்ரோல் கலந்த காற்று உறிஞ்சப்படும். கீழே இறங்கும்போது அதே காற்று அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்குப் போகும். சிலிண்டரில் அழுத்தம் இருந்தால் மட்டும் போதாது, கிராங்க் பெட்டியும் இறுக்கமாக இருக்க வேண்டும். கிராங்க் சீல் தேய்ந்தாலோ, உள்ளே போன காற்றைத் திரும்ப விடாத ரீட் வால்வின் மெல்லிய தகடு ஓரம் உடைந்தாலோ உறிஞ்சும் வேலை பழுதாகும். இழுக்கும்போது கார்ப்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் திருப்பித் துப்பினால் ரீட் வால்வைச் சந்தேகிக்கலாம். இதில் துப்பவில்லை.

பிளக்குகளைக் கழற்றினேன். இப்படிக் கழற்றி இழுக்கும்போது ஒயர் முனையை எஞ்சின் உடம்பில் தொடவைக்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டி கெடும். துளையிலிருந்து வரும் ஆவியும் பற்றிக்கொள்ளலாம். அழுத்தமானியை மாட்டிப் பார்த்ததில் இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டின. எத்தனை பவுண்டு என்பதைவிட இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். பிளக் முனைகள் காய்ந்திருந்தன. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியில்தான் கோளாறு, அல்லது சோக்கை அதிகம் போட்டு மூழ்கடித்துவிட்டோம் என்று அர்த்தம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

பிறகு ஒரு பழைய சோதனை. கலந்த பெட்ரோலைச் சில துளி மட்டும் பிளக் துளை வழியாக விட்டு, பிளக்கை மாட்டி, ஒயரைச் சொருகி, ஒரு இழுப்பு. எஞ்சின் பட்டென்று பிடித்து, இரண்டு மூச்சு ஓடி, நின்றது. அங்கிள் முகத்தில் ஏமாற்றம்; எனக்கு மகிழ்ச்சி. அந்த இரண்டு மூச்சு பல விஷயங்களைத் தீர்த்துவைத்தது. தீப்பொறி நன்றாக இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது. அவர் காசு கொடுத்து மாற்றிய பிளக்கும் காயிலும் ஒருநாளும் குற்றவாளிகள் இல்லை. கோளாறு கார்ப்பரேட்டரில்.

இந்தச் சோதனையில் எஞ்சின் பிடிக்காமல் இருந்திருந்தால் தீப்பொறிப் பக்கம் போயிருப்பேன். அதிலும் இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு ஒரு குணம் உண்டு. பாட்டரி கிடையாது, ஃபிளைவீல் காந்தம் சுற்றும் வேகத்தில்தான் மின்சாரம் உண்டாகும். காந்தத்துக்கு அடியிலுள்ள சுருள் பலவீனமாகிவிட்டால், மெதுவாக இழுக்கும்போது பொறி வராது, வேகமாக இழுத்தால் வரும். வயசானவர் கையில் எழும்பாத எஞ்சின் வாலிபன் கையில் எழும்பினால், வாலிபனைப் பாராட்டுவதற்கு முன் அந்தச் சுருளை மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது.

கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி, உள்ளே இருந்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்தேன். வந்தது பெட்ரோலே அல்ல. கரும்பச்சையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, வார்னிஷ் வாடை. போத்தலின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது.

அங்கிள் பண்ணைக்குப் போவது வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள். மற்ற நாள்களில் தம்பிக்கு வேறு படகு. ஜெட்டிக்கு வந்ததும் பட்டனை அமுக்கி எஞ்சினை அணைப்பார், போய்விடுவார். கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், சிங்கப்பூர் வெயிலில் மூடிக்குள் வெந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல சரக்கு சேர்ந்த கலவை. அவற்றில் லேசானவைதான் முதலில் ஆவியாகும். குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைப்பவையும் அவைதான். கயிற்றை இழுக்கும் வேகத்தில் கார்ப்பரேட்டருக்குள் காற்று மெதுவாகத்தான் போகும், பெட்ரோலைச் சரியாகத் தூளாக்காது. சோக்கை மூடிப் பெட்ரோலைக் கூட்டுவதே அந்த லேசான சரக்கு கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். நின்றுபோன பெட்ரோலில் அது முன்பே பறந்துவிட்டிருக்கும். எண்ணெய் மட்டும் பறக்காது. 50க்கு 1 என்று, லிட்டருக்கு 20 மில்லி கலந்த கலவையில் பெட்ரோல் குறையக் குறைய எண்ணெயின் பங்கு ஏறிக்கொண்டே போகும். முதல் இழுப்பில் எஞ்சினுக்குக் கிடைப்பது அந்தப் பிசுக்கு. எப்படி எழும்பும்?

தண்ணீர் வந்ததற்கும் காரணம் அதே பழக்கம்தான். பாதி டேங்க் காலியாக நின்றது, காற்றுத் திருகும் மூடப்படவில்லை. பகலில் சூடாகி ராத்திரியில் ஆறும்போது டேங்க் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். ஈரம் உள்சுவரில் படிந்து அடியில் தேங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

கார்ப்பரேட்டரைக் கழற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தேன். அடுக்குமாடியில் பட்டறை ஏது? சமையலறை மேசையில் பழைய தமிழ் முரசை விரித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பிரித்தேன். பெட்ரோல் வாடை அடங்கும்வரை அடுப்பைத் தொடக் கூடாது என்றதும் மனைவி, “அப்ப ராத்திரிச் சாப்பாடு மார்சிலிங் கடையில, உங்க காசுல” என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். எஞ்சின் மெதுவாக ஓடவும் எழும்பவும் பெட்ரோல் தருகிற பைலட் ஜெட்டைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. தலைமுடி கனத் துளையைப் பிசின் அடைத்திருந்தது. பெரிய ஜெட் சுத்தமாக இருந்தது. எழும்ப அடம்பிடித்த எஞ்சின் எழும்பியபின் தங்கமாக ஓடிய மர்மம் அங்கே விடுபட்டது: எழுப்புவது ஒரு துளை, ஓட்டுவது இன்னொரு துளை.

ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. மென்மையான பித்தளை, துளை அகன்றுவிடும். கிளீனரில் ஊறவைத்து, தூண்டில் நைலான் இழையை நுழைத்து எடுத்தேன். மீன்பிடிக்காரன் வீட்டில் அதற்குத் தட்டுப்பாடு இல்லை. மிதவையையும் ஊசியையும் துடைத்து, புதுக் கேஸ்கெட் போட்டுப் பூட்டினேன். அங்கிள் மோட்டார் சைக்கிளுக்கான 2டி எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் கண்டேன். அவுட்போர்டுக்குச் சாம்பல் விடாத, டிசி-டபிள்யூ3 முத்திரை போட்ட எண்ணெய் வேண்டும். சாம்பல் விடும் எண்ணெய் பிளக்கின் இடைவெளியிலேயே பாலம் கட்டிவிடும்.

மறு ஞாயிறு எஞ்சின் இரண்டாவது இழுப்பில் எழும்பியது. அங்கிள் ஏதோ வித்தை காட்டியதுபோல என்னைப் பார்த்தார். வித்தை இன்னும் செய்யவில்லை என்றேன். வேலை முடிந்து திரும்பி, படகைக் கட்டிய பிறகுதான் அதைக் காட்டினேன். குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடச் சிலர் சொல்வார்கள். அதில் இரண்டு சிக்கல். கடைசி நேரத்தில் கலவை மெலிந்து எண்ணெயும் சேர்ந்தே குறையும். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் எப்படியும் தங்கிவிடும். அதைவிட, எஞ்சினை அணைத்து, வடிகால் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் இருப்பதைப் போத்தலில் வடித்து, கடலில் ஊற்றாமல் கையோடு எடுத்துப்போவது நல்லது. பிறகு காற்றுத் திருகை மூட வேண்டும். பெட்ரோலை மாசத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கலக்காமல் அந்தந்த வாரத்துக்கு மட்டும் கலக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து சில நிமிஷம். முட்டத்துக் கரையில் மாமா விலை கூடிய பெட்ரோலைச் செலவழித்து வாங்கியது எதுவோ, அதை அங்கிள் இந்தச் சில நிமிஷத்தில் வாங்கிவிடலாம்.

அவர் அதை விடாமல் செய்தார். 2015 பிப்ரவரிக் கடைசியில் நீரிணையில் பாசி பெருகியது. இரண்டாகத் தடுக்கப்பட்டு, நீர் சரியாகக் கழுவிப்போகாத கடலில் அது நேர்வது புதிதல்ல. ஆனால் அந்த வருஷத்து அடி பெரியது. கிழக்கிலும் மேற்கிலுமாக 77 பண்ணைகள் பாதிக்கப்பட்டு, 500 டன்னுக்கு மேல் மீன் செத்தது. ராத்திரியில் தம்பி போன் செய்ததும் அங்கிள் ஜெட்டிக்கு ஓடினார். எஞ்சின் உடனே எழும்பியது. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்து காற்றூட்டும் பம்புகளைக் கூட்டிப் பார்த்தார்கள். கொடுவாயில் ஒரு பகுதி தப்பியது, களவா மொத்தமும் போயிற்று. மறுநாள் என்னிடம், எஞ்சின்மேல் குறையில்லை என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எஞ்சினால் என்ன செய்ய முடியும்? கடலில் எத்தனையோ விஷயம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதையாவது முன்தினமே முடித்துவைப்பதுதான் இந்தத் தொழிலில் நமக்குள்ள ஒரே சலுகை.

அதற்குச் சில வருஷம் கழித்து அங்கிள் பங்கைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுத்தார். பையன் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கியிருக்கிறான். கார்ப்பரேட்டர் கிடையாது, ஊசி முனையால் பெட்ரோலைப் பீய்ச்சுவது. பட்டனை அமுக்கினால் எழும்புகிறது. பழைய பிரச்சினையெல்லாம் இதில் வராது என்கிறான். அந்த ஊசித் துளை பைலட் ஜெட்டைவிடச் சிறியது, நின்றுபோன பெட்ரோல் அதையும் அடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். ஊரிலிருந்தும் போன் வருகிறது. அங்கே இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அதோடு அடியில் தங்கிவிடும். வள்ளத்தில் அதைத் தேங்கவிட்டால் முன்னைவிடச் சீக்கிரமே தொல்லை கொடுக்கும்.

எஞ்சின் எழும்பவில்லை என்று யார் கூப்பிட்டாலும், என்ன பிளக் போட்டாய், எத்தனை தடவை இழுத்தாய் என்று நான் கேட்பதில்லை. கடைசியாக அதை எப்போது அணைத்தாய், அணைக்கும்போது உள்ளே என்ன இருந்தது என்றுதான் கேட்பேன். பெரும்பாலானவர்களுக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியாது. அப்படியானால் பிளக் வாங்கப் போகாதே, முதலில் கிண்ணத்தைத் திறந்து ஒரு போத்தலில் வடித்துப் பார் என்பேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவதே இல்லை.